பழைய நாற்காலியைப் புதுப்பிக்கும் தொழில்: மரச்சட்டம், மெருகு, பிரம்பு, குஷன், கணக்கு

பழைய நாற்காலியைக் கொண்டுவருபவர் காட்டுவது இருக்கையைத்தான். பிரம்பு தொய்ந்துவிட்டது, ரெக்ஸின் கிழிந்துவிட்டது, மாற்றித் தரவேண்டும் என்பார். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது வேறு. நாற்காலியின் முதுகைப் பிடித்து லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். மூட்டு ஆடுகிறதா? ஆடினால், அதன்மேல் எவ்வளவு நல்ல பிரம்பைப் பின்னினாலும் உட்காரும் ஒவ்வொரு முறையும் சட்டம் நெளியும், நெளிகிற சட்டம் பிரம்பை இழுக்கும், ஓட்டை விளிம்பில் பிரம்பு அறுந்துபோகும். சட்டம், பிறகு மெருகு, கடைசியில் இருக்கை என்பதே வேலையின் வரிசை. வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாத அந்த முதல் வேலைக்கு நேரம் ஒதுக்கி, அதற்குக் கூலியும் கேட்டு வாங்கத் தெரிந்தவருக்குத்தான் இது தொழிலாக நிலைக்கும்.

நம் வீடுகளிலும் அலுவலகங்களிலும் இன்னும் கிடக்கிற தேக்கு, ஈட்டி (ரோஸ்வுட்) நாற்காலிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்: பிரம்பு இருக்கை கொண்டவை, குஷன் வைத்தவை, கை நீண்ட சாய்வு நாற்காலிகள்.

எதை வாங்குவது, எதை விடுவது

தொடக்கத்தில் வாங்கி விற்பதை விட, மற்றவர் நாற்காலியைப் பழுது பார்த்துக் கொடுப்பதே நல்லது. கைமுதல் முடங்காது. வகைவகையான மூட்டுகளைக் கையாண்டு பழகலாம். கை பழகிய பிறகு வாங்கத் தொடங்கலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மா தேக்குச் சாமான்களை அங்கே பார்க்கலாம். வாங்காவிட்டாலும் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்த்தால் எந்த வடிவத்துக்கு என்ன மதிப்பு என்று புரியும். சென்னைக்காரர்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. இவை தவிர இடிக்கப்படும் வீடுகள், மூடப்படும் கல்யாண மண்டபங்கள், அலுவலகக் கழிவு ஏலங்கள், ஊருக்கு ஊர் இருக்கும் காயலான் கடைகள்.

வாங்கும்போது தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். மெருகு ஏறாத அடிப்பக்கத்தில் மரம் தன் உண்மை நிறத்தைக் காட்டும். தேக்கின் வைரப் பகுதியை, அதாவது உறுதியான நடுமரத்தை, பூச்சி எளிதில் தொடாது, வெளுத்த வெளிமரத்தைத்தான் உளு அரிக்கும். சிறு துளைகள் தெரிந்தால் நாற்காலிக்கு அடியில் கறுப்புத் தாளை விரித்துச் சில நாள் விட்டுவையுங்கள். புது மாவு உதிர்ந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. அந்த நாற்காலியைப் பட்டறைக்குள் மற்றவற்றோடு சேர்த்து வைக்கவே கூடாது. தனியே வைத்து, மர வண்டு மருந்தை ஊசிக் குழாயால் ஒவ்வொரு துளையிலும் செலுத்தி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி வையுங்கள். பிறகு கறுப்புத் தாள் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

அலுவலகங்களிலிருந்து வரும் நாற்காலிகளில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய துறைப் பெயரும் எண்ணும் இருக்கும். அவற்றைத் தேய்த்து அழிக்காதீர்கள். 1950களில் சண்டிகர் நகரம் உருவானபோது அதன் அலுவலகங்களுக்காகக் கட்டடக் கலைஞர் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் பிற்காலத்தில் கழிவுச் சாமான்களாக ஏலம் போயின. வெளிநாட்டு வணிகர்கள் அவற்றை வாங்கிப் புதுப்பித்து, பன்னாட்டு ஏலங்களில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்றார்கள். எந்த அலுவலகத்து நாற்காலி என்று சொல்லும் அந்தப் பெயிண்ட் எழுத்துக்கு வாங்குபவர்களிடம் தனி மதிப்பு உண்டு.

பிரிப்பதற்கு முன்

நாற்காலியில் கை வைப்பதற்கு முன் படம் எடுங்கள். முன், பின், பக்கம், அடிப்பக்கம், ஒவ்வொரு மூட்டும் கிட்டத்தில். பிரம்பு அறுக்கும் முன் ஓட்டைகளை எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், அடுத்தடுத்த ஓட்டைகளின் நடுவிலிருந்து நடு வரை உள்ள தூரத்தையும் அளந்து குறியுங்கள். குஷன் நாற்காலியானால் பழைய துணியைக் கிழித்து எறியாமல் ஆணிகளைப் பிடுங்கி முழுசாக எடுங்கள். புதுத் துணி வெட்ட அதைவிட நல்ல அளவு கிடைக்காது.

பழைய பெயிண்ட் அடித்த நாற்காலியில் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். உலர்ந்த நிலையில் மெஷின் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும். ஈரமாக்கிச் சுரண்டுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் அந்த வேலையே வேண்டாம்.

மூட்டு வேலை

மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி, ஒவ்வொரு மூட்டின் இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக ஒட்டுங்கள். ஒரே மாதிரித் தெரியும் நான்கு சட்டங்களும் கையால் இழைத்தவை. ஒன்றின் கழுந்து, அதாவது துளைக்குள் நுழையும் முனை, இன்னொன்றின் துளைக்குச் சரியாகப் பொருந்தாது.

பழைய நாற்காலிகளில் வஜ்ஜிரம் போட்டிருப்பார்கள். விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சிய அந்தப் பசை சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். சுடுநீரில் நனைத்த துணியை மூட்டைச் சுற்றி வைத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்), நடுவில் ஒரு மரத்துண்டு கொடுத்து, கழுந்து வெளியே வரும் திசையிலேயே தட்டுங்கள். பக்கவாட்டில் தட்டினால் கழுந்து முறியும். வராத மூட்டில் யாரோ ஆணி அடித்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடும் நாற்காலிக்கு ஆணி அடிப்பதுதான் நம் ஊரில் மிகப் பரவலான வைத்தியம், மரத்தைப் பிளந்து நாற்காலியைக் கெடுப்பதும் அதுவே. ஆணித் தலையைச் சுற்றி மெல்லிய உளியால் குடைந்து, குறடால் பிடித்து நேராக இழுங்கள். உறுதியாக நிற்கும் மூட்டைப் பிரிக்கத் தேவையில்லை. ஆடுவதை மட்டும் பிரித்தால் போதும்.

வளைமர நாற்காலி வந்தால் கவனம். மரத்தை நீராவியில் வளைத்துச் செய்த அந்த வகையில் பெரும்பாலான இணைப்புகள் திருகாணிகளும் போல்ட்டுகளும்தான். அவற்றை இறுக்கினாலே பாதி ஆட்டம் போய்விடும். பசை ஊற்றிக் கெடுக்க வேண்டாம்.

பிரித்த பிறகு பழைய பசையை முழுக்க நீக்குங்கள். காய்ந்த பெவிகால் மேல் புது பெவிகால் பிடிக்காது. இதைச் சோம்பலில் விட்டுவிட்டு ஒட்டிய மூட்டுதான் சில மாதத்தில் திரும்பி வரும். வஜ்ஜிரத்தின் மேல் புது வஜ்ஜிரம் பிடிக்கும், இளகிக் கலந்துவிடும். எதிர்காலத்தில் இன்னொருவர் பிரிக்க வேண்டியிருக்கும் மதிப்புள்ள நாற்காலிக்கு நான் வஜ்ஜிரத்தையே சிபாரிசு செய்வேன். தினமும் உழைக்கும் சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு பெவிகால் போதும்.

கழுந்து தேய்ந்து துளையில் தளர்வாக இருந்தால் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைக்காதீர்கள். அதற்குப் பலம் கிடையாது. அதே மரத்தில் மெல்லிய சீவலை இழைத்துக் கழுந்தின் கன்னத்தில் ஒட்டி, காய்ந்ததும் துளைக்கு ஏற்றபடி சீவிப் பொருத்துங்கள். கையால் தள்ளினால் இறுக்கமாக நுழைய வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் இன்னும் கொஞ்சம் சீவுங்கள்.

ஒட்டும்போது கிளாம்ப் இல்லாவிட்டால் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி இழுத்துச் சுற்றலாம். அல்லது கயிற்றை இரண்டு சுற்றாகக் கட்டி நடுவில் குச்சி விட்டு முறுக்கலாம். மரத்தில் கயிறு பதியாமலிருக்க மூலைகளில் துணி வையுங்கள். முறுக்கியதும் இரண்டு மூலைவாட்டையும் நூல் பிடித்து அளந்து பாருங்கள், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நான்கு காலும் சமமான கல் தரையில் நிற்கின்றனவா என்றும் பசை காயும் முன்னே பாருங்கள். பிறகு ஒரு முழு நாள் தொடாதீர்கள். கால் ஒன்று தூக்கலாக இருந்தால் உடனே மற்றதை அறுக்கத் தோன்றும். பெரும்பாலும் சட்டம் முறுகியிருப்பதுதான் காரணம், அறுத்தால் திரும்பாது.

மெருகு: குறைவாகச் செய்வதே திறமை

நூறாண்டு கை பட்டு ஏறிய நிறத்தை எந்தச் சாயமும் திரும்பத் தராது. எனவே உப்புத்தாளை எடுக்கும் முன், மிதமான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். அடுத்து டர்பன்டைன். பல நாற்காலிகளில் கறுப்பாகத் தெரிவது அழுக்கும் பழைய மெழுகும்தான், மெருகு அடியில் நன்றாகவே இருக்கும்.

என்ன மெருகு என்று அறிய, மறைவான இடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துத் தேயுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அரக்கு மெருகு, அதாவது பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்குக் கரையாமல் தின்னருக்குக் கரைந்தால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷோ பிற்காலத்து மெலமைனோ. அரக்கு மெருகாக இருந்தால் சுரண்டவே வேண்டாம். பழைய படலத்தைப் புது அரக்கு கொஞ்சம் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். 1 லிட்டர் ஸ்பிரிட்டில் 120 முதல் 150 கிராம் அரக்குச் செதிலை இரவே ஊறவைத்து வடிகட்டுங்கள். பஞ்சைப் பருத்தித் துணியில் முடிந்து, அதில் நனைத்து, மரத்தின் ஓட்டத்தில் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். ஒரே இடத்தில் நின்றால் பஞ்சுப் பொட்டலம் ஒட்டிக்கொள்ளும், கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தடிமனாக மூன்று பூச்சு போடுவதை விட மெல்லிசாகப் பத்துப் பூச்சு அழகு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் அரக்கு வெள்ளை பூத்துவிடும். அந்த மாதங்களைப் பிரம்பு பின்னவும் மூட்டு வேலைக்கும் ஒதுக்குங்கள். சாய்வு நாற்காலியின் அகன்ற கைகள் காபி டம்ளர் வைக்கும் இடம். அரக்கு சூட்டில் வெள்ளை வளையம் விழும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லி, அந்தப் பகுதிக்கு மட்டும் சூடு தாங்கும் வார்னிஷ் போடலாமா என்று கேளுங்கள்.

ஆணி இருந்த இடத்தில் தேக்கில் கறுப்புக் கறை படிந்திருக்கும், இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து உண்டாவது. ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினால் பெருமளவு போகும். அது நச்சு, கையுறை கட்டாயம், பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இன்னொன்று: ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவைத்துப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

பிரம்பு பின்னல்

சட்டத்தைச் சுற்றி ஓட்டைகள் இருந்தால் கைப்பின்னல். ஓட்டையில்லாமல் காடி (நீளப் பள்ளம்) மட்டும் ஓடினால், தயாராகப் பின்னி வரும் பிரம்பு வலையை நனைத்துக் காடிக்குள் அழுத்தி, மேலே பிரம்புத் தண்டை வைத்துப் பசையால் இறுக்கும் வகை. இரண்டாவது ஒரு பிற்பகலில் முடியும். கைப்பின்னலுக்குப் பழகிய கைக்கே ஒரு முழு நாளுக்கு மேல் வேண்டும்.

பிரம்பு நாரின் அகலம் ஓட்டைகளின் இடைவெளியைப் பொறுத்தது. நடுவிலிருந்து நடு 13 மி.மீ. என்றால் 2.25 மி.மீ. நார், 16 மி.மீ. என்றால் 2.5, 19 மி.மீ. என்றால் 3 மி.மீ. அகலமான நாரைச் சிறிய ஓட்டையில் திணித்தால் ஆறாவது சுற்றில் இடமே இருக்காது. சாதாரண இருக்கைக்குச் சுமார் 75 மீட்டர் நார் செலவாகும். வெதுவெதுப்பான நீரில் 20 நிமிடம் ஊறவைத்து ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். நெடுநேரம் ஊறினால் நிறம் மங்கும். பளபளப்பான பக்கம் எப்போதும் மேலே, அடியில் திரும்பும் இடத்திலும் முறுக்கக் கூடாது.

ஓட்டைகளில் பழைய நாரும் ஆப்பும் இல்லாமல் சுத்தம் செய்துவிட்டுத் தொடங்குங்கள்:

1. பின்சட்டத்தின் நடு ஓட்டையிலிருந்து முன்சட்டத்தின் நடு ஓட்டைக்கு நெடுக்காக ஒரு நார். மூங்கில் குச்சி ஆப்பால் பிடித்து, அடி வழியாக அடுத்த ஓட்டையில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோங்கள். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் நிரப்புங்கள். முன்பக்கம் அகலமான இருக்கையில் ஓரத்து நார்கள் பக்கச் சட்டத்து ஓட்டையில் முடியும், மற்றவற்றுக்கு இணையாக நிற்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

2. அதன் மேல் குறுக்காக ஒரு சுற்று. பின்னுவது இல்லை, சும்மா மேலே கிடக்கும்.

3. மறுபடி நெடுக்கு, அதே ஓட்டைகளில். முதல் நாரின் வலப்பக்கம் ஒட்டியபடி அமர வேண்டும்.

4. இரண்டாவது குறுக்கு. உண்மையான பின்னல் இங்கேதான் தொடங்குகிறது. மூன்றாம் சுற்று நாரின் மேலேயும் முதல் சுற்று நாரின் கீழேயும் புகுத்திச் செல்லுங்கள். முடிந்ததும் லேசாக நனைத்து, ஆப்பின் நுனியால் இணை இணையாக நெருக்கிச் சேர்த்தால் சதுரக் கண்கள் தெளிவாகும்.

5. ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மூலைவாட்டில். ஒரு திசை இணைகளின் மேலே, மறு திசை இணைகளின் கீழே.

6. எதிர் மூலைவாட்டு, மேல் கீழ் முறையை மாற்றி.

7. ஓட்டைகளை மூட அகலமான ஓரப்பிரம்பை வைத்து, மெல்லிய நாரால் ஓட்டைக்கு ஓட்டை கட்டுங்கள்.

மூலைவாட்டில் சரியாகப் போகிறீர்களா என்பதைக் கை சொல்லிவிடும். சரியான வழியில் நார் சதுரத்தின் மூலைக்குள் வழுக்கிப் போகும், தவறினால் சிக்கி உரசும். உரசினால் இழுக்காமல் எடுத்துவிட்டு மேல் கீழை மாற்றுங்கள். முதல் மூன்று சுற்றுகளைத் தம்புராத் தந்தி மாதிரி இறுக்க வேண்டாம். பின்னப் பின்ன இறுகும், காய்ந்ததும் இன்னும் இறுகும்.

பிரம்பு நாற்காலி பின்னுவது, பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையங்களில் தலைமுறைகளாகக் கற்றுத்தரப்பட்ட தொழில். ஓட்டையையும் மேல் கீழையும் விரலால் படிக்கும் அந்தக் கைகளின் வேலை ஒரே சீராக இருக்கும். பிளாஸ்டிக் நாற்காலி வந்தபின் அவர்களில் பலருக்கு வேலை குறைந்துபோனது. உங்களிடம் பின்னல் வேலை சேரத் தொடங்கினால், அப்படிப் பயின்றவர்களைத் தேடிப் பிடித்து, ஓட்டைக் கணக்கில் நியாயமான கூலி பேசுங்கள். உதவியாக நினைத்து அல்ல, அவர்களைவிட நல்ல பின்னலாளர் கிடைப்பது அரிது என்பதற்காக.

பிளாஸ்டிக் நார் கேட்பவர்கள் இருப்பார்கள். மழை படும் திண்ணைக்கு அது பொருந்தும். ஈட்டி நாற்காலிக்குக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள்.

குஷன் இருக்கை

தூக்கி எடுக்கும் இருக்கைச் சட்டத்தில் தொடங்கிப் பழகுங்கள். முதலில் சணல் நாடா, 2 அங்குல அகலம். ஒரு முனையில் மடித்து ஆணி அடித்து, மரக்கட்டையால் நெம்பி இழுத்து மறுமுனையில் அடியுங்கள். நெடுக்கும் குறுக்கும் பாய் பின்னுவது போல் கோத்து வர வேண்டும். தட்டினால் கொட்டுச் சத்தம் வரும் அளவு இழுக்கலாம். மேலே சாக்குத் துணி, அதன் மேல் தேங்காய் நார் அடுக்கோ ரப்பர் சேர்த்த நாரோ, அதற்கும் மேல் ஃபோம். உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி (அடர்த்தி) வாங்குங்கள். விலை குறைந்த மெல்லிய ஃபோம் ஓராண்டில் அமுங்கிவிடும். முதுகுக்கு 32 போதும். இலவம் பஞ்சு குளிர்ச்சியானது, ஆனால் கட்டி தட்டும். பஞ்சைத் திரும்ப அடித்துப் போட வாடிக்கையாளர் தயாரென்றால் மட்டும் வையுங்கள்.

காடாத் துணியால் ஒருமுறை இழுத்துக் கட்டி வடிவம் கொடுத்த பிறகே மேல்துணி. நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின் அடித்து, நடுவிலிருந்து மூலை நோக்கி, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறிப் போங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் கோடு கோணலாகும். தடித்த துணி தேர்ந்தெடுத்தால் இருக்கைச் சட்டத்தின் ஓரத்தை அதே அளவு இழைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இருக்கையை உள்ளே அழுத்தும்போது நீங்கள் பாடுபட்டு ஒட்டிய மூட்டையே அது பிளக்கும்.

கூலியும் கணக்கும்

ஒவ்வொரு நாற்காலிக்கும் வேலைச் சீட்டு எழுதுங்கள். படம், ஓட்டை எண்ணிக்கை, எந்தெந்த மூட்டு ஆடுகிறது, எங்கே உளு, என்ன மெருகு. மதிப்பீட்டை மூன்றாகப் பிரியுங்கள்: செய்தே ஆகவேண்டியது, செய்தால் நல்லது, விருப்பம். மூட்டு வேலை முதல் வகையில் வரும். அதை வேண்டாம், இருக்கை மட்டும் போதும் என்பவரிடம் வேலையை ஏற்காதீர்கள். ஆறு மாதத்தில் பிரம்பு அறுந்தால் அவர் நினைவில் நிற்பது உங்கள் பெயர்தான்.

கூலியைப் பக்கத்துக் கடை விலையைப் பார்த்து வைக்க வேண்டாம். கணக்குக்காக ஒரு நாற்காலி: பொருள் 900 ரூபாய், 16 மணி நேர வேலை, மணிக்கு 150 ரூபாய் என்றால் 2,400. மொத்தம் 3,300. வாடகை, மின்சாரம், தேய்மானம், வீணாகும் பொருள் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு, 660. ஆக 3,960. நான்காயிரத்துக்குக் குறைத்தால் உங்கள் கையிலிருந்து போகிறது. உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இதையே செய்து பாருங்கள், நேரத்தை மட்டும் நேர்மையாகக் குறியுங்கள். பாதி முன்பணம் வாங்குங்கள், ஒப்படைக்கும் தேதியை எழுதுங்கள், பிரித்த பிறகு புதுப் பழுது தெரிந்தால் படம் அனுப்பிக் கேட்டுவிட்டே தொடருங்கள். பிரித்த மூட்டு, சுத்தம் செய்த கழுந்து, கயிறு முறுக்கிய நிலை என்று நீங்கள் அனுப்பும் படங்கள்தான் கண்ணுக்குத் தெரியாத வேலைக்கான கூலியைக் கேள்வி இல்லாமல் வாங்கித்தரும்.

தொழிலை மத்திய அரசின் சிறுதொழில் பதிவுத் தளமான உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆசை காட்டினால் இரண்டு சட்டங்களை நினைவில் வையுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஈட்டி மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் அதற்குத் தனி அனுமதியும் தேவைப்படலாம். சந்தேகமிருந்தால் அனுப்பும் முன் தொல்லியல் துறையிடமும் வனத்துறையிடமும் கேளுங்கள்.

ஒப்படைக்கும்போது ஒரு சீட்டில் பராமரிப்பு எழுதிக் கொடுங்கள். பிரம்பு இருக்கையில் முழங்காலிட்டோ ஏறி நின்றோ பல்பு மாட்டக் கூடாது. நேர் வெயிலில் வைக்க வேண்டாம். தொய்வு தெரிந்தால் நாற்காலியைக் கவிழ்த்து, ஈரத்துணியை இருக்கையின் அடிப்பக்கத்தில் அரை மணி நேரம் விரித்து வையுங்கள், மேல்பக்கத்துப் பளபளப்பு தண்ணீரை உறிஞ்சாது. அதன்பின் ஒரு நாள் யாரும் உட்காராமல் நிழலில் காயவிட்டால் பிரம்பு திரும்ப இறுகிவிடும்.